பேர் வைக்காத பெட்டிகள்

அந்த வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்கு, கொல்கத்தாவின் சால்ட் லேக் பகுதியிலிருந்த மக்கள்தொகை ஆய்வு நிறுவனத்தில், குழந்தைகள் சாவது குறைந்துபோனதைக் கொண்டாட ஆளுக்கு இரண்டு சந்தேஷ் இனிப்பு கொடுத்தார்கள். மேடைக்குப் பின்னால் சுவரில், தெர்மாகோலில் வெட்டித் தங்கத்தாள் ஒட்டிய ‘19’ தொங்கியது. சுந்தரவனத் தீவுகளில் ஆயிரம் குழந்தை பிறந்தால் ஒரு வயதுக்குள் சாவது நாற்பத்தாறு என்று இருந்தது, மூன்றே வருஷத்தில் பத்தொன்பதாகிவிட்டது. பத்தொன்பதுக்கு அருகே இயக்குநர் ஹிரண்மய் லாஹிரியின் படமும் இருந்ததால், புதிதாக வருகிறவர்கள் அதை அவருடைய வயது என்று நினைத்திருக்கலாம். சால்வையும் வெண்தாடியும் கூட்டிப் பார்த்தால் அப்படி நினைக்க வழியில்லை.

டாக்டர் லாஹிரி நாற்பது நிமிடமாகப் பேசிக்கொண்டிருந்தார். ‘வரலாறு’ அதுவரை ஒன்பது முறை வந்திருந்தது. ‘தரவின் தூய்மை’ பதினான்கு முறை. அவர் தன் வாழ்நாளில் எத்தனையோ கருத்தரங்குகளைத் திறந்துவைத்தவர்; ஒரு தரவுக் கோப்பைத் திறந்ததாக மட்டும் தகவல் இல்லை.

கடைசி வரிசையில் உட்கார்ந்து இதையெல்லாம் எண்ணிக்கொண்டிருந்தவள் மாலபிகா சர்க்கேல். எண்ணுவதுதான் அவள் வேலை. பதினான்கு வருஷமாக அங்கே புள்ளியியல் அதிகாரி. சுவரில் தொங்கிய பத்தொன்பதைக் கணினியிலிருந்து பிடுங்கி எடுத்துக் கொடுத்தவளும் அவள்தான். மேடையில் அவள் பெயர் வரவில்லை. வராதது எவ்வளவு நல்லது என்று அடுத்த கால் மணி நேரத்தில் தெரிந்துகொண்டாள்.

பக்கத்தில் ஷ்யாமாபத நஸ்கர் வந்து உட்கார்ந்தார். கேயாடாங்கா தீவின் கள மேற்பார்வையாளர், ஐம்பத்தைந்து வயது, நிறுவனத்தில் எல்லோருக்கும் ஷ்யாமாதா, ஷ்யாமா அண்ணன். நிறுவனத்துப் பெண்கள் எல்லோரும் அவருக்கு ‘திதி’, அக்கா. கணக்கெடுப்பு டேப்லெட்டுகளைத் திருப்பிக் கொடுக்க விடியற்காலைப் படகில் கிளம்பி வந்திருந்தார். செருப்பில் இன்னும் ஆற்றுச் சேறு.

“மாலபிகா திதி, ஒண்ணு கேக்கலாமா?”

“ரெண்டு சந்தேஷுக்கு மேல கெடையாது ஷ்யாமாதா. நானே கேட்டுப் பாத்துட்டேன்.”

“அது இல்ல. எங்க கேயாடாங்காவுக்கு எத்தன சாவு போட்டிருக்கீங்க?”

மடியில் அறிக்கை இருந்தது. அவள் பக்கத்தைப் புரட்டினாள். “நாலு.”

“ஒரு வருஷத்துக்கா?”

“மூணு வருஷத்துக்கும் சேத்து.”

அவர் விரல் நுனியிலிருந்த இனிப்பைக் கைக்குட்டையில் துடைத்தார். மெதுவாகத் துடைத்தார். “நான் ஒருத்தன் மட்டும் ஒம்பது எழுதினேன் திதி. இன்னும் ரெண்டு பேரு அங்க எழுதினாங்க.”

“எங்கியாவது தப்பா எழுதியிருப்பீங்க.”

“சாவத் தப்பா எழுதறதுக்கு என்ன இருக்கு? பாதி வீட்டுல கொடுத்த டீயக் குடிக்க முடியாம எந்திரிச்சு வந்தவன் நான்.” குரலைத் தணித்தார். “நமக்குள்ள இருக்கட்டும்னு விட்டிருப்பேன். ஆனா தீவு ஆஸ்பத்திரில அந்த நாலு சூட்டுப் படுக்கை இருக்கில்ல, பொறந்த குழந்தைங்கள வெதுவெதுப்பா வச்சிருக்கறது, அத வர்ற வியாழக்கெழம எடுத்துட்டுப் போறாங்க. சாவு கொறஞ்சுடுச்சு, இனிமே இங்க தேவையில்லன்னு ஆர்டர். ஆர்டர்லயும் இதே பத்தொம்போதுதான்.”

மேடையில் டாக்டர் லாஹிரி பத்தாவது முறையாக வரலாற்றை அழைத்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மாலபிகாவும் தட்டினாள், பழக்கம்.

*

கணக்கெடுப்பின் தரவு பெட்டிக்குள் பெட்டியாக வரும். தீவு ஒரு பெரிய பெட்டி. அதற்குள் கிராமங்கள், கிராமத்துக்குள் வீடுகள், வீட்டுக்குள் தாய்மார்கள். ஒவ்வொரு தாயின் பெட்டிக்குள்ளும் அவள் பெற்ற பிள்ளைகள், ஆளுக்கொரு குட்டிப் பெட்டி. அதில் பிறந்த தேதி, ஆணா பெண்ணா, இருக்கிறதா இல்லையா, இல்லை என்றால் எத்தனை நாள் இருந்தது.

புள்ளியியல்காரர்கள் இந்தப் பெட்டிகளைத் திறக்க ‘ஆர்’ என்று ஒற்றை எழுத்துப் பெயர் கொண்ட கணினி மொழியை வைத்திருக்கிறார்கள். அதில் ஒரு விசேஷம். ஒற்றைச் சதுர அடைப்பு போட்டுக் கேட்டால் பெட்டியையே எடுத்துக் கையில் கொடுக்கும். இரட்டை அடைப்பு போட்டால்தான் பெட்டியைத் திறந்து உள்ளே இருப்பதைக் கொடுக்கும். புதிதாகக் கற்றுக்கொள்கிறவர்கள் முதல் ஆறு மாதம் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, பொருள் கிடைத்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருப்பார்கள். சிலர் அப்படியே இயக்குநராகிவிடுவார்கள்.

மாலபிகா அந்தத் தப்பைச் செய்யும் காலத்தைத் தாண்டியவள். அவள் நிரல் இரட்டை அடைப்பில்தான் ஓடியது. தாயின் பெட்டியைத் திற. குட்டிப் பெட்டிகள் மேல் ஒட்டியிருக்கும் பெயர்ச் சீட்டுகளைப் படி. ஒவ்வொரு பெயராகச் சொல்லிக் கூப்பிட்டு உள்ளே இருப்பதை எடு. போன கணக்கெடுப்புக்கு எழுதியது. இந்தத் தடவையும் அதையே ஓட்டினாள். நன்றாக ஓடும் நிரலைத் தொடக்கூடாது என்பது அந்தத் தொழிலில் வேதவாக்கு.

மதியம் எல்லோரும் பிரியாணி சாப்பிடப் போனபோது அவள் கேயாடாங்காவின் பெட்டியைத் திறந்து, ஷ்யாமாதா எழுதிய ஒரு வீட்டை எடுத்தாள். பாருல் ஜானா, வயது இருபத்திரண்டு. பிள்ளைகள் இரண்டு. மூத்தவன் பெட்டி மேல் ‘பாப்பாய்’ என்று சீட்டு இருந்தது. இரண்டாவது பெட்டியும் இருந்தது. பெண். இரண்டு நாள். சீட்டில் ஒன்றும் எழுதவில்லை.

இன்னொரு வீட்டை எடுத்தாள்; அங்கேயும் செத்த குழந்தையின் சீட்டு காலி.

வங்காளத்தில் குழந்தைக்கு ஆறாம் ஏழாம் மாதம் சோறூட்டும்போதுதான் முறையாகப் பேர் வைப்பார்கள். உயிரோடு இருக்கிற குழந்தைக்கு அதற்கெல்லாம் முன்பே கோக்கன், புச்கி, பாப்பாய் என்று ஏதாவது ஒரு செல்லப் பெயர் ஒட்டிக்கொள்ளும். களப்பணியாளர் அதை எழுதிவிடுவார். இரண்டு நாளில் போய்விடுகிற குழந்தைக்கு எதுவும் ஒட்டாது. முந்தைய கணக்கெடுப்பு காகிதத்தில் நடந்தது. அப்போது களப்பணியாளர்கள் பெயர்க் கட்டத்தில் ‘பேர் வைக்கலை’ என்று எழுதினார்கள். அதுவே சீட்டானது. நிரல் “பேர் வைக்கலை, வா” என்று கூப்பிட்டது, அதுவும் வந்தது.

இந்தத் தடவை டேப்லெட். டேப்லெட்டோடு சேர்ந்து இயக்குநரின் பதினேழாம் எண் சுற்றறிக்கையும் வந்திருந்தது. ‘பேர் வைக்கலை’ என்பது பெயர் அன்று. பெயர் அல்லாத ஒன்றைப் பெயர்க் கட்டத்தில் இடுவது தரவின் தூய்மைக்கு இழுக்கு. பெயர் இல்லாவிடில் கட்டத்தைக் காலியாக விடுக. அந்தச் சுற்றறிக்கையை அவர் டில்லி விமானத்தில் எழுதியதாகச் சொல்வார்கள். முப்பதாயிரம் அடி உயரத்திலிருந்து பார்த்தால் எல்லாமே தூய்மையாகத்தான் தெரியும்.

களப்பணியாளர்கள் காலியாக விட்டார்கள். நிரல் எழுத்தே இல்லாத ஒரு பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது. இந்த இடத்தில் கணினி கொஞ்சம் கத்தியிருக்கலாம். கத்தாது. அப்படி ஒரு பெட்டியே இல்லை என்று வைத்துக்கொண்டு, மரியாதையாக ஒரு வெறுமையை எடுத்து நீட்டும். கிடைத்ததையெல்லாம் வரிசையாகக் கோக்கும்போது வெறுமை எந்த இடத்தையும் அடைத்துக்கொள்வதில்லை. சத்தமில்லாமல் உதிர்ந்துவிடும்.

பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை விட்டு, முதலாவது, இரண்டாவது, மூன்றாவது என்று வரிசைப்படி எடுக்கும்படி மாற்றினாள். ஒரே ஒரு வரி. இரண்டு விநாடி ஓடியது. நூற்று இருபத்தொரு பெட்டிகள் புதிதாக வந்து நின்றன. எல்லாத் தீவும் சேர்த்து எழுபத்தெட்டாக இருந்த சாவு நூற்றுத் தொண்ணூற்றொன்பதாயிற்று. ஆயிரத்துக்கு நாற்பத்தேழு.

முன்பு நாற்பத்தாறு. குறையவில்லை. ஒன்று கூடியிருந்தது.

சுற்றறிக்கை அவருடையது, நிரல் தன்னுடையது. ‘மொத்தம் எத்தனை பெற்றாய்’ என்று ஒவ்வொரு தாயிடமும் தனியாக ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்கள். அந்த எண்ணையும், எடுத்த பெட்டிகளின் எண்ணிக்கையையும் ஒரு தடவை பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தால் போதும். பார்க்கவில்லை. பத்தொன்பது என்று வந்தபோது அவளுக்கும் சந்தோஷமாக இருந்தது. சந்தோஷமாக இருக்கும்போது யார் சரிபார்க்கிறார்கள்?

*

வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாளும் இயக்குநர் பாராட்டு விழாக்களில் இருந்தார். திங்கள்கிழமை பதினொன்றரைக்கு அவளை அவர் அறைக்குள் விட்டார்கள். அறிக்கையின் முன்னுரையில் ஒரு சொல்லை அடித்துவிட்டு அதைவிடக் கனமான ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தார்.

மாலபிகா நின்றுகொண்டே சொன்னாள். பெட்டி, சீட்டு, சுற்றறிக்கை, நிரல், நாற்பத்தேழு. தன் தப்பை முதலில் சொன்னாள். முதலில் சொன்னால் மீதியைக் கேட்பார் என்ற கணக்கு.

டாக்டர் லாஹிரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உக்காருங்க மாலபிகா. அறிவியல்ல பதட்டம் கூடாது.”

“வியாழக்கெழம படுக்கைய எடுக்கறாங்க ஸார்.”

“அது நிர்வாகம். நாம அறிவியல்.”

“ஆர்டர்ல நம்ம எண்ணுதான் இருக்கு ஸார். ஒரு ஃபோன் பண்ணி, ரெண்டு வாரம் நிறுத்தி வைங்க, திரும்பப் பாக்கறோம்னு சொன்னாப் போதும்.”

“யாரு சொல்றது?”

“நீங்கதான் ஸார்.”

அவர் சன்னலைப் பார்த்தார். வெளியே தோட்டக்காரர் சாமந்தித் தொட்டிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். “இந்த நூத்திருபத்தொண்ணு. இவங்கெல்லாம் யாரு?”

“செத்துப்போன குழந்தைங்க ஸார்.”

“அது புரியுது. யாரு? பேரு என்ன?”

“பேரு இல்ல ஸார். அதான் பிரச்சினையே.”

“அப்படி வாங்க வழிக்கு.” முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது, வகுப்பில் மக்குப் பிள்ளை கடைசியில் சரியான விடைக்கு வந்ததைப் பார்க்கிற வெளிச்சம். “அடையாளம் இல்லாத பதிவு, பதிவே இல்ல. நாளைக்கு டில்லில ஒருத்தன் எந்திரிச்சு, திடீர்னு நூத்திருபத்தொரு சாவு எங்கேர்ந்து வந்துச்சு, யாரு இவங்கன்னு கேட்டா நான் என்ன சொல்லுவேன்? சும்மா வந்து நின்னாங்கன்னா?”

“தாயோட பேரு இருக்கு, ஊரு இருக்கு, வீட்டு எண் இருக்கு, எத்தன நாள் இருந்ததுன்னு இருக்கு. பெட்டியத் தெறந்து பாத்தீங்கன்னா…”

“பாக்கத் தேவையில்ல, உங்க மேல நம்பிக்கை இருக்கு.” முன்னுரையின் மேல் கையை வைத்துக்கொண்டார். “சுற்றறிக்கையில தப்பு கெடையாது மாலபிகா. கொள்கையா பாத்தா அது சரி. உங்க நிரல் அந்த உயரத்துக்கு வரல. பரவாயில்ல, நான் அத வெளியில சொல்ல மாட்டேன்.”

“சொல்லுங்க ஸார். தாராளமாச் சொல்லுங்க. படுக்கை மட்டும் இருக்கட்டும்.”

இப்படி ஒரு பேரத்தை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருந்தது. முன்னுரையில் அடித்த சொல்லையே இன்னொரு தடவை அடித்தார். பிறகு மேடைக்குரலுக்கு மாறினார். “சரி. ஒண்ணு செய்யுங்க. களத்துக்குப் போங்க. ஒவ்வொரு தாய்கிட்டயும் அந்தக் குழந்தைக்கு ஒரு பேரு வாங்குங்க. தாயோட கையெழுத்து, இல்ல ரேகை. நூத்திருபத்தொண்ணும் வியாழக்கெழம காலைல எங்கிட்ட இருந்தா நானே அந்த ஆர்டர் போட்ட கமிட்டிக்கு ஃபோன் பண்றேன். நான் வார்த்த மாறாதவன், உங்களுக்கே தெரியும்.”

தெரியும். மாற வேண்டிய அவசியம் வராதபடிதான் அவர் எப்போதும் வார்த்தை கொடுப்பார்.

*

“நாமளே வச்சுட்டா என்ன திதி?” என்றார் ஷ்யாமாதா, செவ்வாய்க்கிழமை காலை படகில், முறி என்கிற அரிசிப்பொரியில் கடுகெண்ணெயும் பச்சை மிளகாயும் போட்டுக் கிளறிக்கொண்டே. “நூத்திருபத்தொரு பேருதான? பஞ்சாங்கத்த எடுத்தா அரை மணி நேரம். ரேகைக்கு எனக்குப் பத்து வெரல் இருக்கு.”

“எல்லா ரேகையும் ஒரே ஆளோடதா இருந்தா?”

“அவரு பெட்டியத் தெறந்து பாக்கற ஆளா?”

சொன்னதில் நியாயம் இருந்தது. கொல்கத்தாவிலேயே அந்த வேலையை முடித்திருந்தால் ஒருவேளை படுக்கைகள் பிழைத்திருக்கும். பிற்பாடு அவள் அதைப் பலமுறை நினைத்துப் பார்த்தாள். ஆனால் அன்றைக்கு அவள் பதினான்கு வருஷம் ஒழுங்காக எண்ணின கர்வத்தில் இருந்தாள். கர்வம் லாஹிரிக்கு மட்டும் சொந்தமில்லை.

மற்ற தீவுகளின் மேற்பார்வையாளர்களுக்கு ஷ்யாமாதா ஃபோன் போட்டு அந்தந்த ஊர்ப் பட்டியலைச் சொன்னார். கேயாடாங்காவுக்கு இவர்கள் இருவர். கணினி பிடித்துக் கொடுத்தது பதினெட்டு வீடு. கரை மேல் நடந்து நடந்து போனார்கள்.

முதல் வீடு பாருல் ஜானாவுடையது. வாசலில் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாய் கோழியைத் துரத்திக்கொண்டிருந்தான். ஷ்யாமாதாவைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். போன தடவை என்ன கேட்டார் என்பது அவளுக்கு மறக்கவில்லை.

“மா, கோவிச்சுக்காத. இவங்க கொல்கத்தாலேர்ந்து வந்திருக்காங்க. அந்தச் சின்னதுக்கு ஒரு பேரு சொன்னியானா எழுதிட்டுப் போயிடுவோம்.”

“ரெண்டு நாளு இருந்துச்சு.”

“ஆமா மா.”

“பேரு எதுக்கு? கூப்பிடறதுக்கா?”

மாலபிகா அருகில் உட்கார்ந்தாள். ஆஸ்பத்திரியில் இருக்கிற சூட்டுப் படுக்கை போகாமலிருக்க இந்தப் பெயர் வேண்டும் என்று விளக்கினாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது பைத்தியக்காரன் பேச்சாகக் கேட்டது.

பாருல் முடிச்சைப் பல்லால் இறுக்கினாள். “அந்தப் படுக்கைல நாலு குழந்தை இருந்துச்சு. எம்பொண்ண அஞ்சாவதாக் கொண்டுபோனோம். எடமில்லன்னு சொன்னாங்க. இப்ப ஆளில்லன்னு எடுத்துட்டுப் போறாங்களா?”

“ஆமா.”

“யாரு கணக்குப் போட்டது?”

மாலபிகா வாயைத் திறக்குமுன் ஷ்யாமாதா, “கம்ப்யூட்டரு மா,” என்றார்.

“அதுக்கு ஒரு பேரு வச்சிருக்கீங்களா?”

பெயர் கிடைக்கவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டு எழுந்தார்கள்.

அடுத்த ஊரில் ஹசீனா பீபி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டாள். “ஏழாம் நாளு வைக்கலாம்னு ஒரு பேரு முடிவு பண்ணியிருந்தோம். அஞ்சாம் நாளே போயிட்டான். அந்தப் பேர அடுத்தவனுக்கு வச்சாச்சு. ரஃபீகுல். அதோ வர்றான் பாருங்க.” ஒன்றரை வயதுப் பையன் ஒரு கரண்டியோடு வந்து மாலபிகாவின் முழங்காலில் தட்டினான். “அதையே எழுதிக்கங்க. என்ன இப்ப?”

மாலபிகாவின் பேனா நின்றது. ஒரே தாயின் பெட்டிக்குள் இரண்டு ரஃபீகுல். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் நிரல் முதலில் இருப்பதைத்தான் எடுக்கும். இரண்டு தடவை கூப்பிட்டால் இரண்டு தடவையும் அதையே எடுக்கும். செத்தவன் இரண்டு முறை சாவான். கரண்டி வைத்திருக்கிறவன் கணக்கிலேயே இருக்க மாட்டான்.

“ஒண்ணுமில்ல,” என்று எழுதிக்கொண்டாள்.

ஒரு வீட்டில் மாமியார் வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். போனதுக்குப் பேர் வைத்தால் அது திரும்பி வந்து வாசலில் நிற்கும், இருக்கிறதையும் கூட்டிக்கொண்டு போகும் என்றாள். அவள் குளத்துக்குப் போன நேரம் பார்த்து மருமகள் வேலியோரம் ஓடிவந்து ‘துளி’ என்று சொல்லிவிட்டு ஓடினாள். ரேகை வைக்கவில்லை. இன்னொருத்தி, “நீங்களே ஒண்ணு வச்சுக்கங்க திதி, நல்ல பேரா,” என்றாள். ஒரு வீட்டில் புருஷன், பேர் சொன்னால் அரசாங்கத்திலிருந்து ஏதாவது கிடைக்குமா என்று கேட்டான். கிடைக்காது, இருப்பது போகாமல் இருக்கலாம் என்றதும் கதவைச் சாத்தினான். சாத்தினதில் தப்பில்லை.

புதன் சாயங்காலத்துக்குள் கேயாடாங்காவில் பதினெட்டில் பதினொன்று. மற்ற தீவுகளிலிருந்து ஃபோனில் இருபது. ஆக முப்பத்தொன்று.

*

வியாழக்கிழமை காலை அவள் நேராகத் தீவு ஆஸ்பத்திரிக்குப் போனாள். சிசு அறையின் கதவு கழற்றி வைக்கப்பட்டிருந்தது. படுக்கைகள் கதவுக்குள் நுழையவில்லையாம். உள்ளே போகும்போது எப்படி நுழைந்தன என்பது யாருக்கும் நினைவில்லை. கிடங்குப் பொறுப்பாளர் கையில், அறிக்கைத் தாள் இணைத்த ஆர்டர் இருந்தது. அவள் நாற்பத்தேழு என்று அச்சடித்த தாளை நீட்டினாள்.

அவர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். அவள் செய்யத் தவறியதை அந்த ஊரில் செய்த முதல் ஆள் அவர்தான். “இதுல பத்தொம்போது, தயாரித்தவர் எம். சர்க்கேல். இதுல நாப்பத்தேழு, தயாரித்தவர் எம். சர்க்கேல். நீங்க எந்த சர்க்கேல்?”

“ரெண்டும் நாந்தான்.”

“இதுல சீல் இருக்கு. அதுல இல்லியே.”

“சீல் வாங்கிட்டு வர்றேன். சாயங்காலம் வரைக்கும் இருங்க.”

“மேடம், தண்ணி வத்தினா படகு நகராது. பத்து மணிக்குள்ள ஏத்தணும். உங்க பெரியவர ஒரு ஃபோன் பண்ணச் சொல்லுங்க, இப்பவே எறக்கி வச்சுடறேன். எனக்கு மட்டும் ஆசையா?”

கரையில் நின்றால்தான் சிக்னல் கிடைக்கும். டாக்டர் லாஹிரி விமான நிலையத்தில் இருந்தார். நாளைக்கு டில்லியில் அவர் பேச்சு.

“எத்தன வந்துச்சு?”

“முப்பத்தொண்ணு ஸார். இருபத்தாறுக்கு ரேகை இருக்கு.”

“நூத்திருபத்தொண்ணுல முப்பத்தொண்ணு.” அவர் வகுத்துப் பார்ப்பது கேட்டது. “நாலுல ஒண்ணுதான். இத வச்சு எதுவும் சொல்ல முடியாது மாலபிகா. ஒரு புள்ளியியல்காரரா உங்களுக்கே தெரியணும்.”

“நூத்திருபத்தொண்ணும் செத்தது நிஜம் ஸார். பேருதான் முப்பத்தொண்ணு.”

“உங்க உழைப்ப நான் மதிக்கிறேன். அடுத்த பதிப்புல அடிக்குறிப்பு ஒண்ணு போடுவோம், உங்க பேரோடவே. அப்பறம், அடுத்த கணக்கெடுப்புல இந்தத் தொல்லையே வரக்கூடாது. பேர்க் கட்டம் காலியா இருந்தா டேப்லெட் அடுத்த கேள்விக்குப் போகக்கூடாது. அப்படி மாத்திடுங்க. என் பேச்சுலயும் அதச் சொல்லப்போறேன். போர்டிங் கூப்பிடறாங்க.”

ஷ்யாமாதா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பக்கக் குரல் கரை முழுக்கக் கேட்கும்.

“பேரு போடாம மேல போகாதாமா?”

“போகாது.”

“அப்ப நாங்க அந்தக் குழந்தையவே எழுத மாட்டோம் திதி. மிரட்டறேன்னு நெனைக்காதீங்க. பாருல் மாதிரி ஒருத்தி முன்னாடி உக்காந்துகிட்டு, பேரு சொன்னாத்தான் ஆச்சுன்னு எவன் கேப்பான்? பெத்தது ஒண்ணுன்னு போட்டுட்டு எந்திரிச்சு வந்துடுவான். நானும் அப்படித்தான் செய்வேன்.”

அப்படிச் செய்தால் வரிசைப்படி எடுத்தாலும் வராது, பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் வராது. பெட்டியே இருக்காது. ‘மொத்தம் எத்தனை பெற்றாய்’ என்ற கேள்வியும் சரியாக ஒத்துப்போகும். அடுத்த தடவை பதினைந்து வரும். சுவரில் மாட்டப் புதுத் தங்கத்தாள் வாங்குவார்கள்.

பத்தே முக்காலுக்குத்தான் படகு கிளம்பியது. அன்றைக்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போக அது ஒன்றுதான். நீலத் தார்ப்பாய் சுற்றிய நான்கு படுக்கைகளையும் நடுவில் நிறுத்தியிருந்தார்கள். ஓரங்களில் ஆட்கள், இரண்டு ஆடு, மாப்பிள்ளை வீட்டுக்குச் சீராகப் போகும் ஒரு மீன் கூடை. படகோட்டி இருபத்தைந்து வயது இருப்பான். ஒரு படுக்கையின் கால் சக்கரம் ஆடுவதைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் ஒரு நோட்டம் விட்டு, மாலபிகாவைத் தேர்ந்தெடுத்தான்.

“திதி, அந்தக் காலக் கொஞ்சம் புடிச்சுக்கறீங்களா? நடு ஆத்துல அலை இருக்கு. சாஞ்சா என் தலைமேலதான் கட்டுவாங்க.”

அவள் பெயர்த் தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். இரும்பு பனியில் குளிர்ந்திருந்தது.

“என்ன மெஷினு ஷ்யாமாதா இது?”

“பொறந்த குழந்தைக்குச் சூடு குடுக்கறது.”

“ஏன் எடுத்துட்டுப் போறாங்க?”

ஷ்யாமாதா மாலபிகாவைப் பார்த்தார். அவள் தார்ப்பாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “நம்ம தீவுல குழந்தை சாகறது கொறஞ்சுடுச்சாம்.”

“அப்படியா?” அவன் இஞ்சினைக் கொஞ்சம் முடுக்கினான். “நல்லதுதான?”

படகோட்டி பதிலுக்காக மாலபிகாவையே பார்த்துக்கொண்டிருந்தான்; படித்தவள், கொல்கத்தாக்காரி, தெரிந்திருக்கும்.

“நல்லதுதான்,” என்றாள் மாலபிகா.

நடு ஆற்றில் அவன் சொன்ன அலை வந்தது. அவள் விடாமல் பிடித்துக்கொண்டாள்.